48 வோல்ட் காட்டினால் ஃபுல் சார்ஜா?

மோட்டார் பூட்டிய லோடு சைக்கிளில் நான்கு 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரிகளுக்கு மீட்டர் 48 காட்டினால் ஃபுல் சார்ஜ் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார், பலரும் ஆமோதித்திருக்கிறார்கள். அது சரியில்லைங்க. 12 என்பது பெயரளவுக் கணக்கு. முழு சார்ஜில், ஓய்வில் இருக்கும்போது ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12.7 காட்டும்; நான்கும் சேர்ந்தால் 51-க்குக் கொஞ்சம் குறைவு. 48 என்றால் கால்வாசிதான் மிச்சம். அதை நம்பி மூட்டை ஏற்றினால் பாதி வழியில் மிதிக்க வேண்டிவரும். அடிக்கடி இந்த அளவுக்கு இறக்கிச் சார்ஜ் ஏற்றாமல் விட்டால் தகட்டில் சல்பேட் படிந்து பேட்டரியும் சீக்கிரம் போய்விடும்.

நீங்களே அளந்து பாருங்கள். சார்ஜரைக் கழற்றிச் சில மணி நேரம் வண்டியைச் சும்மா விடுங்கள். உடனே அளந்தால் கூடுதலாகக் காட்டும். அப்புறம் மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, அதன் கம்பிகளால் ஒவ்வொரு பேட்டரியின் இரு முனைகளையும் தனித்தனியாகத் தொட்டுப் பாருங்கள். இதை விட்டுவிடாதீர்கள்: மூன்று 12.5, ஒன்று 10.5 என்றாலும் மொத்தம் 48-தான் வரும். அந்த 10.5 காட்டும் பேட்டரியில் பெரும்பாலும் ஒரு செல் (உள்ளே இருக்கும் ஆறு அறைகளில் ஒன்று) செத்திருக்கும்.

லித்தியம் பேட்டரிக்கு இந்த எண்கள் பொருந்தாது.