ராத்திரி முழுக்க ஆசிட்டில் ஊறப்போடாதீர்கள்

"வயர் கட் முடிந்த டி2 பஞ்சை ராத்திரி முழுக்க ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டில் போட்டால் புதுசு மாதிரி வந்துவிடும்" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். (வயர் கட் என்பது மின்பொறி விடும் மெல்லிய வயரால் ஸ்டீலை வெட்டுவது; டி2 ஒரு கடினமான டூல் ஸ்டீல்; பஞ்ச் என்பது பிரஸ்ஸில் தகட்டைத் துளைக்கும் கருவி.) பளிச்சென்று வரும், சரி. ஆனால் 60 எச்ஆர்சி (ராக்வெல் கடினத்தன்மை அளவு) வரை ஹார்டன் செய்த ஸ்டீலில் ஆசிட் கிளப்பும் ஹைட்ரஜன் உள்ளே இறங்கும். பஞ்ச் பிரஸ்ஸில் ஏறியதும் மூலையில் விரிசல் விட அது போதும்.

இன்னொன்று, வெட்டிய முகத்தில் தெரியும் மஞ்சள் பூச்சு, பித்தளை வயரிலிருந்து ஒட்டிய செம்பும் துத்தநாகமும்தான். இந்த ஆசிட் துத்தநாகத்தைத் தின்றுவிடும், செம்பை லேசில் தொடாது. அதற்கடியில் உருகி உறைந்த தோல் போன்ற ரீகாஸ்ட் படலத்துக்கும் ஆசிட் வழியல்ல. அதை ஸ்கிம் கட்டிலேயே (கடைசியில் லேசாக ஓட்டும் வெட்டு) குறைக்க வேண்டும், மிச்சத்தை ஸ்டோன் (தேய்க்கும் சாணைக்கல்) போட்டு எடுக்க வேண்டும்.

நான் செய்வது இதுதான். மெஷினிலிருந்து எடுத்தவுடன் கழுவி, ஏர் அடித்துக் காயவைப்பேன். மெஷினில் ஓடுவது டீஅயனைஸ்டு (உப்பு நீக்கிய) தண்ணீர்தானே என்று விட்டால் சில மணி நேரத்தில் துரு பூக்கும். கறை இருந்தால் பாஸ்பாரிக் ஆசிட் கலந்த கிளீனர், சில நிமிடம், நைலான் பிரஷ். அப்புறம் சோடா உப்புத் தண்ணீர், நல்ல தண்ணீர், ஏர், எண்ணெய். ஃபிக்ஸரை (வெட்டும் பொருளைப் பிடித்து வைக்கும் சாதனம்) முக்கவே வேண்டாம், அதன் டேப் ஓட்டைக்குள் (மரை போட்ட ஓட்டை) ஆசிட் தங்கிவிடும், துடைத்தால் போதும்.

ஒருமுறை மூடாத ஆசிட் தொட்டியின் ஆவியில் எங்கள் பக்கத்து ரேக்கிலிருந்த வெர்னியர் அளவுகோலும் உருளையைத் தாங்கும் வி பிளாக்கும் காலையில் துருவேறிச் செம்மண் நிறத்தில் இருந்தன.