என் பொருளை விற்க நான் யாரிடம் கேட்க வேண்டும்?

போன மாதம் பழைய ஹெட்போன் ஒன்றை இணையத்தில் விற்பனைக்குப் போட்டேன். பில்லோடு கடையில் வாங்கிய ஒரிஜினல், இரண்டு வருடம் என் காதிலேயே இருந்தது. மறுநாள் பதிவைத் தூக்கிவிட்டார்கள். காரணம்: அறிவுசார் சொத்துரிமை மீறல். பில்லைப் படமெடுத்து அனுப்பினேன், பதிலே இல்லை. கடைசியில் ஹெட்போனைத் தம்பிக்கே கொடுத்துவிட்டேன், அது போகட்டும். ஆனால் அந்த ஒற்றை வரிக் காரணம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. இந்தச் சண்டையை அமெரிக்க நீதிமன்றங்கள் நூறு வருடத்துக்கு முன்பே பார்த்துவிட்டன.

பாப்ஸ்-மெரில் என்ற பதிப்பகம் தன் நாவல் ஒன்றின் உள்ளே ஓர் எச்சரிக்கையை அச்சடித்தது. சில்லறை விலை ஒரு டாலர், குறைத்து விற்றால் பதிப்புரிமை மீறல். மேசிஸ் கடைக்காரர்கள் அதை 89 சென்ட்டுக்கு விற்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1908-இல் பதிப்பகம் தோற்றது. புதிதாகப் பிரதி அச்சடிக்கும் உரிமை உன்னுடையது, ஆனால் நீ விற்றுவிட்ட பிரதி அடுத்த கைக்கு என்ன விலையில் போகிறது என்பதில் உனக்கு வேலையில்லை என்றது நீதிமன்றம். முதல் விற்பனைக் கோட்பாடு என்பது இவ்வளவுதான். அடுத்த வருடமே சட்டத்திலும் ஏறியது. பழைய புத்தகக் கடைகள் யாரிடமும் கைகட்டி நிற்காமல் வியாபாரம் செய்வது இதனால்தான்.

கிர்ட்செங் வழக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும். அமெரிக்காவில் படித்த தாய்லாந்து மாணவர். அதே பாடப்புத்தகம் ஊரில் மலிவு என்பதால் வீட்டாரை வாங்கி அனுப்பச் சொல்லி, அமெரிக்காவில் விற்று லாபம் பார்த்தார். வைலி பதிப்பகம் வழக்குப் போட்டது, ஜூரி 6 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. 2013-இல் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அதைப் புரட்டிப்போட்டது. பதிப்புரிமையாளரின் அனுமதியோடு அச்சாகி முறையாக விற்ற புத்தகம் என்றால், எந்த நாட்டில் அச்சானது என்பது பொருட்டில்லை.

பேடண்ட், அதாவது கண்டுபிடிப்புக்கான காப்புரிமை, பக்கமும் இதே கதைதான். பிரிண்டர் டோனரைக் கொஞ்சம் தள்ளுபடியில் கொடுத்துவிட்டு, ஒரு தடவைதான் பயன்படுத்தலாம், காலியானதும் எங்களிடமே திருப்பித் தர வேண்டும் என்றது லெக்ஸ்மார்க். காலி டோனர்களை வாங்கி நிரப்பி விற்றவர்கள் மேல் வழக்கும் போட்டது. 2017-இல் தோற்றது. வாங்கியவர் ஒப்பந்தத்தை மீறினார் என்று வேண்டுமானால் அவரிடம் போய்ச் சண்டை போடு, விற்ற பொருளின் மேல் பேடண்ட்டைக் காட்டி மிரட்டாதே என்றாகிவிட்டது.

சரி, கம்பெனிகள் பயப்படுவதில் நியாயமே இல்லையா? இருக்கிறது. போலிச் சரக்கு நிஜமான பிரச்சினை. பழைய பைகள் விற்கும் ஒரு கடைக்கு எதிராக ஷனெல் என்ற ஆடம்பரப் பை கம்பெனி போட்ட வழக்கில், 2024-இல் நியூயார்க் ஜூரி 40 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. போலியை விற்பதும், கம்பெனியே நமக்குக் கூட்டாளி என்பது போல விளம்பரம் செய்வதும் மறுவிற்பனை இல்லை, ஏமாற்று. அதில் எனக்குக் கடைக்காரர் மேல் இரக்கம் வரவில்லை.

ஆனால் கோட்டை எங்கே போடுவது என்று 1947-லேயே சொல்லிவிட்டார்கள். சாம்பியன் கம்பெனியின் பழைய ஸ்பார்க் பிளக்குகளைச் சரிபண்ணி, அதே பெயரோடு ஒருவர் விற்றார். பெயரை அழிக்க வேண்டியதில்லை, பழையது அல்லது பழுதுபார்த்தது என்று தெளிவாகப் பொறித்துவிடு, போதும் என்றது உச்ச நீதிமன்றம். பழைய பொருள் புதியதைவிட மட்டமாகத்தான் இருக்கும், வாங்குகிறவருக்கும் அது தெரியும். என்னைக் கேட்டால் மறுவிற்பனையில் சட்டம் காக்க வேண்டியது இதை மட்டும்தான், வாங்குகிறவர் ஏமாறக் கூடாது. தயாரித்தவரின் புதுச் சரக்கு விற்பனை படுத்துவிடுமே என்ற கவலையைக் காப்பது சட்டத்தின் வேலை இல்லை. என் பதிவைத் தூக்கியவர்கள் ஹெட்போன் போலியா என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவே இல்லை.

இதெல்லாம் கையில் பிடிக்கிற பொருளுக்கு. டிஜிட்டலுக்கு வந்தால் கதை கந்தல். வெர்னர் என்பவர் ஒரு நிறுவனம் கழித்துக்கட்டிய ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளின் பிரதிகளை வாங்கி ஈபேயில் விற்றார். அந்த நிறுவனம் அவற்றை வாங்கவே இல்லை, உரிமம்தான் பெற்றது, அதனால் உன்னிடம் விற்க அதற்கே உரிமை கிடையாது என்றது 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம். பெட்டியும் டிஸ்க்கும் கையில் இருக்க, வாங்கவே இல்லையாம்! வாங்கிய பாட்டுக் கோப்புகளை மறுவிற்பனை செய்ய வழி செய்த ரீடிஜி என்ற நிறுவனமும் 2018-இல் வழக்கில் தோற்றது. கோப்பை அனுப்பினாலே அந்தப் பக்கம் புதுப் பிரதி ஒன்று உருவாகிவிடுகிறது, இங்கே அழித்தாலும் கணக்கில்லை என்று சொல்லிவிட்டார்கள். தொழில்நுட்பமாகப் பார்த்தால் தர்க்கம் சரிதான், அதுதான் எரிச்சல்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2025 ஜனவரியிலிருந்து கொஞ்சம் வெளிப்படையாக இருக்கச் சொல்கிறது. உரிமம் மட்டும் கொடுத்துவிட்டு 'வாங்கு' என்று பொத்தான் வைக்கிறவர்கள், இது உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். என் போனில் அப்படி நான் 'வாங்கிய' மின்னூல்கள் நூற்றுச் சொச்சம் கிடக்கின்றன. ஹெட்போனைத் தம்பிக்குக் கொடுக்க முடிந்தது, இதில் ஒன்றைக்கூட அவனுக்குக் கொடுக்க முடியாது.