அந்தப் பாடலை எழுதியவர் ஜான் டீக்கன்

பிரிட்டனின் குயீன் ராக் இசைக்குழுவின் ‘அனதர் ஒன் பைட்ஸ் தி டஸ்ட்’ பாடலை எழுதியவர் அதன் பாடகர் ஃப்ரெட்டி மெர்க்குரி என்று ஒரு பதிவு சுற்றி வருகிறது. தவறு. அதை எழுதியவர் அக்குழுவில் தாழ்ந்த சுரங்களை ஒலிக்கும் பேஸ் கிதாரை வாசித்த ஜான் டீக்கன். 1980இல் அமெரிக்காவின் பில்போர்ட் பாடல் தரவரிசைப் பட்டியலில் முதலிடம் பிடித்த பாடல் அது. அதன் உயிரே பேஸ்தான்: ஒரே சுரம் மூன்று முறை அழுத்தமாக விழுகிறது, பிறகு ஓர் இடைவெளி. அந்த மௌனத்தில்தான் நம் கால் தானாகத் தாளம் போடுகிறது. பாடிய குரல் மெர்க்குரியுடையது என்பதால் படைப்பும் அவருடையதென்று எண்ணிவிடுகிறார்கள்.

‘யூ ஆர் மை பெஸ்ட் ஃப்ரெண்ட்’, ‘ஐ வான்ட் டு பிரேக் ஃப்ரீ’ ஆகியவையும் டீக்கன் எழுதியவையே. முன்னதை மனைவிக்காக எழுதினார். அதில் மின்பியானோ வாசித்ததும் அவர்தான்.

‘மேடையில் ஒதுங்கி நின்றவர், அவ்வளவுதான்’ என்றும் அந்தப் பதிவு சொல்கிறது. இதுதான் என்னை மிகவும் வருத்தியது. மின்னணுவியல் பட்டதாரியான அவர், குப்பையில் கிடந்த சர்க்யூட் போர்டை எடுத்துவந்து ஒரு சிறிய ஆம்ப்ளிஃபயர் செய்தார். குயீன் பதிவுகள் பலவற்றில் குழுவின் கிதார் கலைஞர் பிரையன் மேயின் கிதார் வயலினைப் போலவும் ஊதுகருவியைப் போலவும் ஒலிப்பது அந்தச் சின்னப் பெட்டியின் வழியாகத்தான்.