நான் ஏன் காலி செய்ய வேண்டும்?

"வாடகை வீட்டில் ஒன்பது வருஷம் குடியிருந்துவிட்டு, வீட்டுக்காரன் வெளியே போகச் சொன்னதும் ஒப்பாரி வைத்தால் எப்படி? சொந்த வீட்டுக்கு வாருங்கள்."

என் பாட்டுப் பக்கத்தை நிறுவனம் முடக்கியது பற்றி ஞாயிற்றுக்கிழமை இரவு வந்த அந்தப் பதிவை நீங்கள் எல்லாரும் படித்திருப்பீர்கள். ஏழெட்டுப் பேர் எனக்கே அனுப்பியும் வைத்தீர்கள். அதை எழுதிய தம்பி என் பெயரைச் சொல்லவில்லைதான். ஒன்பது வருஷம் என்றும் ஒப்பாரி என்றும் எழுதிய பிறகு பெயர் எதற்கு? கீழே விழுந்திருந்த சிரிப்புப் பொம்மைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு யார் யார் என்று பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. என் வீட்டில் இலை போட்டுச் சாப்பிட்டுப் போனவர்களும் அதில் இருந்தார்கள்.

கோபத்தில் எழுதக் கூடாது என்று இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். கோபம் குறையவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பக்கம் முடக்கப்பட்ட கதையை மறுபடி விரிவாகச் சொல்லவில்லை. மன்னார்குடியைச் சுற்றியுள்ள கிராமங்களில் 2016 முதல் நான் பதிவு செய்த 312 பாட்டுகள், தாலாட்டு, நடவுப்பாட்டு, ஒப்பாரி, எல்லாம் ஒரே இரவில் போய்விட்டன. காரணமாகச் சொன்னது 'தற்கொலையைத் தூண்டும் உள்ளடக்கம்'. கணவனை இழந்த ஒருத்தி "உன்னோடு நானும் வருகிறேன், என்னையும் சேர்த்து எரி" என்று பாடாத ஒப்பாரி உண்டா? எந்தக் கிழவியிடம் கேட்டாலும் சொல்வாள். அதைக் கேட்க அங்கே மனிதர் யாரும் இல்லை, இயந்திரம்தான் இருந்தது. தளத்தின் பெயரை இங்கே எழுதவில்லை, முறையீடு நிலுவையில் இருக்கிறது.

இனி தம்பியின் சொந்த வீட்டுக்கு வருகிறேன். மாஸ்டடான், புளூஸ்கை என்று ட்விட்டர் போன்ற தளங்களை அவர் பட்டியல் போட்டிருக்கிறார். ஒரே முதலாளி கிடையாது, தளத்தை நடத்தும் கணினிகளான செர்வர்கள் ஆயிரக்கணக்கில் ஆளாளுக்கு உண்டு, பிடித்த இடத்தில் கணக்குத் தொடங்கலாம், எங்கிருந்தாலும் எல்லாரோடும் பேசலாம், யாரும் உங்களை வெளியே தள்ள முடியாது என்கிறார். "அக்காவுக்குத் தொழில்நுட்பம் புரியவில்லை, பாவம்" என்று ஒருவர் கருத்தும் போட்டிருக்கிறார்.

புரியாமல் பேசவில்லை. நான் அங்கே போய் இருந்துவிட்டு வந்தவள்.

2022 அக்டோபரில் ஈலோன் மஸ்க் 4,400 கோடி டாலர் கொடுத்து ட்விட்டரை வாங்கியபோது, எல்லாரும் பெட்டி படுக்கையைக் கட்டினார்களே, அந்த நவம்பரில் நானும் மாஸ்டடானில் கணக்குத் தொடங்கினேன். எந்த செர்வரில் சேர்வது என்று முடிவு செய்யவே இரண்டு இரவுகள் ஆயின. கடைசியில் ஒரு சின்ன செர்வர். நடத்தியவர் ஒரே ஓர் இளைஞர். நல்ல பிள்ளை, கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்வார். நாற்பது பாட்டுகளை அங்கே ஏற்றினேன். பெரிய கோப்புகளை ஏற்றாதீர்கள், செலவு கட்டுப்படியாகவில்லை என்று ஒரு நாள் வருத்தத்தோடு எழுதினார். நியாயம்தானே? அவர் கைக்காசு அது. பதினான்கு மாதம் கழித்து, குழந்தை பிறந்திருக்கிறது, இனி நடத்த முடியாது, மூன்று மாதத்தில் மூடிவிடுகிறேன் என்று அறிவித்தார். அவர்மீது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வேறு செர்வருக்கு மாறலாம் என்று வழியும் காட்டினார். மாறியபோதுதான் தெரிந்தது, பின்தொடர்பவர்களை மட்டும்தான் கூட்டிக்கொண்டு போகலாம், எழுதியதும் ஏற்றியதும் பழைய இடத்திலேயே நின்றுவிடும். என்னைப் பின்தொடர்ந்தவர்கள் 23 பேர். அந்த 23 பேரைத்தான் கூட்டிக்கொண்டு போனேன். நாற்பது பாட்டும் போயின.

சின்ன செர்வருக்குத்தான் இந்தக் கதி என்று நினைக்க வேண்டாம். பயர்பாக்ஸ் உலாவியைத் தரும் மொசில்லா, பேரும் பணமும் உள்ள அமைப்பு, தானே ஒரு மாஸ்டடான் செர்வர் நடத்தியது. 2024 டிசம்பரில் மூடிவிட்டது.

ஆக, தம்பி, நீங்கள் சொன்ன சொந்த வீடும் வாடகை வீடுதான். வீட்டுக்காரர் நல்லவர், அவ்வளவுதான் வித்தியாசம். நல்லவருக்கும் மின்சாரக் கட்டணம் வரும், உடம்புக்கு முடியாமல் போகும்.

புளூஸ்கை அப்படியில்லை என்பீர்கள். அது ட்விட்டருக்குள்ளேயே 2019-இல், அன்று அதன் தலைவராக இருந்த ஜாக் டார்சி தொடங்கிய திட்டம். அவரே 2024 மே மாதம் அதன் இயக்குநர் குழுவை விட்டுப் போய்விட்டார். காகிதத்தில் யார் வேண்டுமானாலும் செர்வர் வைக்கலாம், ஆனால் கணக்குகளில் மிகப் பெரும்பாலானவை அந்த ஒரு நிறுவனத்தின் செர்வர்களில்தான் கிடக்கின்றன. 2025 ஏப்ரலில் துருக்கி அரசு கேட்டுக்கொண்டதும் அந்த நாட்டில் பல கணக்குகள் தெரியாதபடி செய்தது. வேறு செயலி வழியாகப் பார்க்க முடிந்தது என்று உடனே எழுதுவீர்கள். உண்மை, முடிந்தது. எங்கள் ஊர் அப்பாயிகளின் பேரப்பிள்ளைகள் வேறு செயலியைத் தேடிப் பிடித்து ஏற்றிக்கொண்டு பாட்டுக் கேட்பார்களா என்பதுதான் என் கேள்வி.

நெறிமுறை, அதாவது செர்வர்கள் ஒன்றோடொன்று பேசும் பொது விதி, திறந்திருந்தால் அதிகாரம் பரவிவிடும் என்று நம்புகிறீர்கள். மின்னஞ்சலைப் பாருங்கள். அதைவிடப் பரவலாக்கப்பட்ட ஏற்பாடு ஒன்று உண்டா? யார் வேண்டுமானாலும் செர்வர் வைக்கலாம். வைத்துப் பாருங்கள், உங்கள் கடிதம் ஜிமெயிலின் குப்பைக்கூடையில் போய் விழும். மொத்தமாக அனுப்புகிறவர்களுக்கு இன்னின்ன விதிகள் என்று 2024 பிப்ரவரியில் கூகுளும் யாகூவும் சொன்னதும் உலகமே அதற்கேற்ப மாறிக்கொண்டது. 2005-இல் வந்த கூகுள் டாக் என்ற அரட்டைச் சேவை எக்ஸ்எம்பிபி என்ற பொது நெறிமுறையில்தான் ஓடியது, வேறு செர்வரில் இருப்பவரோடும் பேசலாம் என்றார்கள். கூட்டம் சேர்ந்த பிறகு, 2013-இல், ஹேங்கவுட்ஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்து அந்தக் கதவைச் சாத்தினார்கள். இப்போது ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் திரெட்ஸ் தளமும் மாஸ்டடானோடு பேசும் நெறிமுறைக்குள் வந்திருக்கிறது. மாஸ்டடானின் மொத்தக் கூட்டமும் திரெட்ஸின் ஒரு மூலைக்குக் காணாது. நாளைக்கு அவர்கள் கதவைச் சாத்தினால் யார் தடுப்பது?

கூட்டம் எங்கே இருக்கிறதோ, செர்வருக்குக் காசு யாரிடம் இருக்கிறதோ, அதிகாரம் அங்கேதான் போய்ச் சேரும். நெறிமுறை நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுவே நியாயம் வாங்கித் தந்துவிடும் என்று சொல்லாதீர்கள். அதைவிட முக்கியமாக, அநியாயம் செய்தவனை விட்டுவிட்டு, "நீ ஏன் அங்கே இருந்தாய்" என்று என்னைக் கேட்காதீர்கள். நான் ஏன் காலி செய்ய வேண்டும்?

இனி அடுத்த கேள்வி: காப்பு நகல் எடுத்திருக்க வேண்டாமா? நூறு பேராவது கேட்டுவிட்டீர்கள். எடுத்திருந்தேன். ஹார்ட் டிஸ்கில் வைத்து, பிளாஸ்டிக் பையில் சுற்றி, பீரோவின் மேல்தட்டில் வைத்திருந்தேன். 2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் வந்தது. ஓடு போட்ட வீடு. மூன்று மணிக்கு மேல் கூரை ஒவ்வொரு வரிசையாகப் பிரிந்து போவதைச் சுவர் ஓரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம். விடிந்து பார்த்தபோது பீரோவுக்குள் சேறும் தண்ணீரும். தென்னை ஒன்றுகூட நிற்கவில்லை, வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அந்த நேரத்தில் டிஸ்கைப் பற்றி யார் நினைத்தார்? பிறகு தஞ்சாவூரில் ஒரு கடையில் கொடுத்தேன், ஒன்றும் தேறவில்லை. அன்று, பாட்டெல்லாம் இணையத்தில் என் பக்கத்தில் பத்திரமாக இருக்கிறதே என்று எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? புயல் விட்டுவைத்ததை நிறுவனம் எடுத்துக்கொண்டது. 2018-க்குப் பிறகு பதிவு செய்தவை பெரும்பாலும் என்னிடம் இருக்கின்றன. அதற்கு முந்தியவைதான் போயின. அந்த முந்தியவற்றைப் பாடியவர்களில் பலர் இன்று இல்லை.

மேலப்பனையூர்ப் பக்கம் ஓர் அப்பாயி. அந்த வட்டாரத்தில் எந்தச் சாவுக்கும் அவர் வந்தால்தான் ஒப்பாரி தொடங்கும். வீட்டில் பாட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். சாவு இல்லாத வீட்டில் ஒப்பாரி பாடினால் சாவு வந்துவிடும் அல்லவா? "வாய்க்காலுக்கு வா ஆயி" என்றார். வயலில் பம்புசெட் கொட்டகை நிழலில் உட்கார்ந்தோம். முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். மோட்டாரை நிறுத்தச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம், அது ஓடட்டும், நான் பாடுவது ஊருக்குக் கேட்கக் கூடாது" என்றார். பதினொரு நிமிஷம் பாடினார், தம் புருஷனுக்கு. அவர் செத்து முப்பது வருஷம் ஆகியிருந்தது. முடித்ததும் வாய்க்கால் தண்ணீரில் முகம் கழுவி, தலையில் கொஞ்சம் தெளித்துக்கொண்டு, காபி குடித்தாயா என்று என்னைக் கேட்டார். 2020-இல் அவரும் போய்விட்டார். ஊரடங்கு. சாவு வீட்டில் இருபது பேர். அவருக்குப் பாட யாரும் வரவில்லை. அவர் மகள் திருப்பூரிலிருந்து வர முடியாமல், அந்தப் பதினொரு நிமிஷத்தைச் செல்போனில் போட்டுத்தான் அன்று அழுதிருக்கிறார். அவரே பிறகு சொன்னார்.

அந்தப் பெண்ணிடம் போய் மாஸ்டடானில் கணக்குத் தொடங்கு என்று சொல்ல வேண்டுமா? பனியன் கம்பெனியில் எட்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு வருகிறவள் செர்வர் தேர்ந்தெடுக்க வேண்டுமா? கூட்டம் இருக்கும் இடத்தில் பாட்டை வைத்தது என் முட்டாள்தனம் என்கிறீர்கள். கேட்க வேண்டியவர்கள் அங்கேதான் இருந்தார்கள்.

இலவசமாகத்தானே பயன்படுத்தினீர்கள், கேள்வி கேட்க என்ன உரிமை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இலவசமா? 2024-இல் மெட்டாவின் வருவாய் 16,400 கோடி டாலருக்கு மேல், ஏறக்குறைய முழுவதும் விளம்பரக் காசு. கூகுளின் தாய் நிறுவனத்துக்கு அதைவிட இரண்டு பங்கு. அந்த விளம்பரங்களை யார் பார்த்தார்கள்? அப்பாயி பாட்டுக்கு நடுவே சோப்பு விளம்பரம் வந்ததே, அந்தக் காசு யாருக்குப் போனது? எனக்கும் வரவில்லை, அப்பாயிக்கும் வரவில்லை.

காசு உள்ள இடத்தில் தமிழ் தெரிந்த ஆளை வைப்பதில்லை. நம் மொழிகள்மீது அவர்களுக்கு உள்ள அக்கறை எவ்வளவு என்பது உலகுக்கே தெரிந்த விஷயம். 2018-இல் இலங்கையில் கண்டி மாவட்டத்தில் திகனயில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது சிங்களத்தில் பரவிய வெறுப்புப் பதிவுகளை ஃபேஸ்புக் தடுக்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து, 2020-இல், மன்னிப்புக் கேட்டார்கள். 2021-இல் ஃபேஸ்புக்கின் முன்னாள் ஊழியர் பிரான்சிஸ் ஹாகன் வெளியே கொண்டுவந்த ஆவணங்களில், பொய்ச் செய்திகளை அடையாளம் காணும் செலவில் 87 விழுக்காடு அமெரிக்காவுக்கு மட்டும் என்று இருந்தது. வீடு எரிக்கச் சொன்னது அவர்கள் இயந்திரத்தின் கண்ணில் படவில்லை. செத்த புருஷனுக்காக ஒரு கிழவி அழுதது பட்டுவிட்டது. இதைக் கேட்டால் எனக்குத் தொழில்நுட்பம் தெரியவில்லை என்கிறீர்கள்.

என்னதான் செய்யச் சொல்கிறாய் என்பீர்கள். செல்போன் எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி 2011 ஜனவரியில் நாடு முழுவதும் வந்தது. எப்படி வந்தது? யாராவது சொந்தக் கோபுரம் நட்டார்களா? தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் விதி போட்டது, நிறுவனங்கள் செய்தன. என் எண் அப்படியே இருக்கிறது. என் 312 பாட்டையும், கேட்டவர்கள் எழுதிய கருத்துகளையும் மூட்டை கட்டிக் கையில் கொடு, பிறகு வேண்டுமானால் முடக்கு என்று ஏன் ஒரு விதி இருக்கக் கூடாது? முடக்கும் முன்பு தமிழ் தெரிந்த ஒரு மனிதர் கேட்க வேண்டும் என்று ஏன் இருக்கக் கூடாது?

அரசிடம் சாவியைக் கொடுத்தால் அது தனக்குப் பிடிக்காதவர்களை முடக்கும் என்று சொல்வீர்கள். அந்தப் பயம் எனக்கும் உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ் போகும் முடக்க உத்தரவுகள் ரகசியமாகத்தான் போகின்றன. இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் அரசை நாம் ஓட்டுப் போட்டு மாற்றலாம், நீதிமன்றத்துக்கு இழுக்கலாம். அந்த நிறுவனத்தில் நான் பேச ஒரு தொலைபேசி எண்கூட இல்லையே.

இருக்கிற விதியின்படி புகார் கொடுத்திருக்கிறேன். 24 மணி நேரத்தில் ஒப்புகை, 15 நாளில் தீர்வு என்று நான் புகார் கொடுத்தபோது இருந்த விதி சொன்னது. ஒப்புகை வந்தது. பதினைந்தாம் நாள், முதலில் வந்த அதே வாக்கியம் மறுபடி வந்தது. இப்போது மத்திய அரசு 2023-இல் அமைத்த குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு எழுதியிருக்கிறேன். ஒப்பாரி என்றால் என்ன என்று ஒரு பக்கத்துக்கு விளக்கி, ஆங்கிலத்தில். அதை எழுதும்போதுதான் இந்த எல்லாவற்றையும்விட அதிகமாக அழுகை வந்தது.

தம்பி, உங்களோடு எனக்குப் பகை இல்லை. உங்கள் செர்வரில் இடம் தருகிறேன் என்று சொன்னதை மறக்கவில்லை, பிரதி வைக்க அந்த இடத்தை வாங்கிக்கொள்ளவும் போகிறேன். ஆனால் அந்தப் பதிவில் ஒப்பாரி என்ற சொல்லை அப்படிப் பயன்படுத்தியிருக்க வேண்டாம்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2016 முதல் 2018 வரை என் பக்கத்தில் வந்த பாட்டுகளில் எதையாவது செல்போனில் இறக்கி வைத்திருந்தால், வாட்ஸ்அப்பில் யாருக்காவது அனுப்பியிருந்தால், தேடிப் பாருங்கள். பழைய போன்களிலும் பாருங்கள். முக்கியமாக அந்தப் பதினொரு நிமிஷம். தொடக்கத்தில் மோட்டார் ஓடும் சத்தம் மட்டும்தான் கேட்கும், பாட்டு இல்லை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். கொஞ்ச நேரம் பொறுத்தால் அவர் குரல் வரும். திருப்பூரிலிருந்து அந்தப் பெண் மூன்று முறை கூப்பிட்டுவிட்டாள்.