டிரைலர் பார்த்து மார்க் போட்டவர்களுக்கு

சனிக்கிழமை வேலூர் சத்துவாச்சாரியில் சிறந்த படங்களை அறிவித்த கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு நான் எதைப் பற்றி எழுதப்போகிறேன் என்று தெரியும். வராதவர்களும் இதற்குள் வாட்ஸ்அப்பில் வீடியோ பார்த்திருப்பீர்கள். மைக்கைப் பிடுங்கிக் கத்தினேனாம். கத்தவில்லை, என் குரலே அப்படித்தான்.

நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. 2024-ன் சிறந்த பத்துப் படங்கள் என்று அறிவித்தீர்களே, தேர்வுக்குழுவில் இருந்த ஐந்து பேரும் தெருக்கூத்துக் குழுவைப் பற்றிய ‘ஜமா’ படத்தைப் பார்த்தீர்களா? மூன்று பேர் பார்க்கவில்லை. அதில் ஒரு தம்பி சிரித்துக்கொண்டே, “அந்தக் கூத்துப் படம்தானே அண்ணா, டிரைலர் பார்த்தேன்” என்றார். கூட்டமும் சேர்ந்து சிரித்தது.

முதலிடம் வந்த படத்தோடு எனக்குத் தகராறு கிடையாது. நானும் குடும்பத்தோடு போய்க் கைதட்டி வந்தவன்தான். நான் பேசுவது மார்க் போட்ட விதத்தைப் பற்றி. ஆளுக்குப் பத்துப் படம், முதல் படத்துக்கு 10 மார்க், பத்தாவதுக்கு 1, எல்லாவற்றையும் கூட்டினால் பட்டியல் ரெடி. பார்க்க நியாயமாகத்தான் இருக்கும். ஒரு பேப்பரில் போட்டுப் பாருங்கள். இரண்டு பேர் மட்டும் பார்த்த படம், இரண்டு பேருமே முதலிடம் கொடுத்துவிட்டார்கள். 20 மார்க். இன்னொரு படத்தை ஐந்து பேரும் பார்த்து, ஐந்து பேருமே ஆறாம் இடத்தில் வைத்திருக்கிறார்கள். ஆளுக்கு 5, மொத்தம் 25. ஒருவர்கூட முதல் ஐந்தில் வைக்காத படம் மேலே, பார்த்தவர்கள் எல்லாம் முதல் என்று சொன்ன படம் கீழே. பார்க்காத மூன்று பேர் ஒன்றும் செய்யவில்லையே என்கிறீர்கள். செய்தார்கள். மூன்று முட்டை போட்டார்கள். பார்க்காததற்கும் பிடிக்காததற்கும் ஒரே மார்க் என்றால் அது என்ன கணக்கு?

“வருஷத்துக்கு இருநூறு படத்துக்கு மேல் வருது, எல்லாத்தையும் யார் பார்ப்பது?” என்று கேட்பார்கள், கேட்டும் விட்டார்கள். யாரும் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லவில்லை. முதலில் இருபது இருபத்தைந்து படத்தைப் பொறுக்கி எடுங்கள். அந்த இருபத்தைந்தையும் ஐந்து பேரும் பார்த்துவிட்டு உட்காருங்கள். பார்க்காதவர் அந்தப் படத்தின் கணக்கில் வரவேண்டாம், பார்த்தவர்களின் சராசரியை எடுங்கள். “ஒரே ஒருத்தர் பார்த்து பத்து போட்டால்?” குறைந்தது மூன்று பேர் பார்த்திருக்க வேண்டும் என்று ஒரு விதி வையுங்கள், முடிந்தது. ஆஸ்கரிலேயே சர்வதேசப் படப் பிரிவில் இறுதிச் சுற்றில் இருக்கும் ஐந்தையும் பார்த்தவர்தான் ஓட்டுப் போட முடியும். அவர்களுக்கு முடிவது நமக்கு முடியாதாம், நாம் ரொம்ப பிஸி.

எந்த வருஷக் கணக்கு என்பதிலும் சிக்கல் இருக்கிறது, மறுக்கவில்லை. ‘கூழாங்கல்’ ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியது 2021-ல், நம் வீட்டு டிவிக்கு ஓடிடி வழியாக வந்தது 2023 அக்டோபரில். தேசிய விருதுக்கு என்றால் சென்சார் சான்றிதழ் தேதியைப் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால், சாதாரண ஜனம் காசு கொடுத்துப் பார்க்க முடிந்த நாள்தான் கணக்கு. ‘மெய்யழகன்’ இன்னொரு வம்பு. முதல் நாள் பார்த்தவரும், 18 நிமிடத்தை வெட்டிய பிறகு பார்த்தவரும் ஒரே படத்துக்கா மார்க் போட்டார்கள்? டிசம்பர் 20-ல் வந்த ‘விடுதலை 2’வை அவசர அவசரமாகப் பார்த்ததற்கும் ஜூனில் வந்த ‘மகாராஜா’வை ஆறு மாதம் அசைபோட்டதற்கும் வித்தியாசம் இல்லையா? இதெல்லாம் பேசித் தீர்க்கக்கூடிய விஷயம். பார்க்காமல் விட்டது பேசித் தீராது.

ஆனால் இதையெல்லாம் பேச விட்டால்தானே. ‘ஜமா’ நம் பக்கத்துக் கூத்தைப் பற்றிய படமாம், அதனால் “அண்ணா, ஊர்ப்பாசம் வேணாம்ணா” என்று ஒரே போடு.

ஊர்ப்பாசமா? ‘தங்கலான்’ கதையே நம் வட ஆற்காட்டில் வேப்பூர் கிராமத்தில்தான் தொடங்குகிறது. விக்ரம் உயிரைக் கொடுத்து நடித்திருக்கிறார். ஆனாலும் என் பத்தில் அது இல்லை, பின்பாதியில் எனக்குப் படம் கைநழுவிப் போய்விட்டது. அதைச் சொன்னதற்காக ஆகஸ்ட் மாதம் இதே ஆட்கள் என்னை என்னவெல்லாம் பேசினார்கள். அப்போது ஊர்த்துரோகி, இப்போது ஊர்ப்பாசக்காரன். ஏதாவது ஒன்றில் நில்லுங்கப்பா.

என் அம்மா ஊர் செய்யாறு பக்கம். திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்துக்குப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டுப் போன பையன் நான். துகிலுரியும் கூத்து அன்றைக்கு இரவு, துச்சாதனன் வேஷம் கட்டியவர் சேலையைத் தொடுவதற்கு முன்னால் கற்பூரம் ஏற்றி, திரௌபதி வேஷத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டார். பாய் போட்டு உட்கார்ந்திருந்த கிழவிகளும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். விடிந்ததும் அதே திரௌபதி லுங்கியைக் கட்டிக்கொண்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பீடி பிடித்தார். கண்ணில் மை அப்படியே இருந்தது, டீ கிளாஸ் விளிம்பில் உதட்டுச் சாயம். கடைக்காரர் அந்த கிளாஸை மட்டும் தனியாக எடுத்துக் கழுவினார். எங்கள் மாமா அதைப் பார்த்துவிட்டு, “ராத்திரியெல்லாம் கும்பிட்டுகினு இருந்தே, இப்போ இன்னாடா” என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனார்.

அந்த கிளாஸைத்தான் ‘ஜமா’வில் பார்த்தேன். பெண் வேஷமே கட்டிக் கட்டி, நடையும் கையும் அப்படியே ஆகிப்போய், ஊர் கேலியையும் வாங்கிக்கொண்டு, ஒரு முறையாவது அர்ச்சுனன் வேஷம் கட்ட ஏங்கும் ஒருத்தனின் கதை. பாரி இளவழகன் தானே எழுதி, இயக்கி, நடித்தும் இருக்கிறார். வாத்தியாராக வரும் சேத்தன், இளையராஜாவின் இசை என்று இன்னும் எவ்வளவோ சொல்லலாம். குறையே இல்லையா என்றால் இருக்கிறது, நடுவில் கொஞ்சம் இழுக்கும். இழுக்காத படம் எது? மூணு மணி நேரம் இழுத்த படத்துக்கு ‘பிரம்மாண்டம்’ என்று மார்க் போட்டீர்களே.

நம் ஊர் தியேட்டரில் ஒரு வாரம்கூட அது நிற்கவில்லை. இருந்த ஒரே காட்சியும் காலைக் காட்சி, வேலைக்குப் போகிறவன் எப்படிப் பார்ப்பான்? ஓடாத படம் என்று தியேட்டர்காரர் எடுத்தார், சரி, அவர் கரண்ட் பில் கட்ட வேண்டும். நீங்கள் என்ன பில் கட்டினீர்கள்? ஆகஸ்ட் 23-ல் ‘வாழை’யும் ‘கொட்டுக்காளி’யும் ஒரே நாளில் வந்தபோது, எதற்குக் கூட்டம் என்பதைத் தியேட்டர் தீர்மானித்தது. எது நல்ல படம் என்பதையும் தியேட்டரே தீர்மானிக்கும் என்றால் உங்கள் தேர்வுக்குழு எதற்கு, சால்வை எதற்கு?

“ஒரு பட்டியலுக்கு ஏன் இவ்வளவு டென்ஷன்?” என்று என் மனைவியே கேட்டுவிட்டாள். பட்டியலுக்கு இல்லை. பழைய வட ஆற்காட்டிலிருந்து 1989-ல் திருவண்ணாமலை பிரிந்தது, 2019-ல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் போயின. மாவட்டம்தானே பிரிந்தது, கூத்துமா வேறு ஊர் ஆகிவிட்டது? மதுரைப் பேச்சு வந்தால் மண்மணம், நெல்லைப் பேச்சு வந்தால் அழகு, ‘இன்னா’ என்று நாம் வாயைத் திறந்தால் மட்டும் காமெடி. அதற்கு வெளியூர்க்காரன் சிரித்தால் பழகிப்போச்சு. சத்துவாச்சாரியில் உட்கார்ந்துகொண்டு நாமே ‘அந்தக் கூத்துப் படம்தானே’ என்று சிரித்தால்?

அந்த மூன்று பேரும் படத்தைப் பார்த்துவிட்டு மோசம் என்று சொல்லட்டும், பத்தாவது இடம்கூடத் தரவேண்டாம். ஒப்புக்கொள்கிறேன். சிரித்த தம்பிக்கு மட்டும் ஒன்று: படம் ரெண்டு மணி நேரம் சொச்சம்தான். பார்த்துட்டு போன் பண்ணு. சண்டையை அப்புறம் போட்டுக்கலாம்.