கையேடு வேண்டாம் தம்பி

ஆங்கிலேய எழுத்தாளர் டெர்ரி பிராட்செட்டின் டிஸ்க்வேர்ல்ட் நாவல்களைப் படிக்க ஆரம்பித்திருக்கும் ஒரு தம்பி, அவற்றில் மறைந்திருக்கும் விஷயங்களை விளக்கும் எந்தக் குறிப்புக் கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது என்று கேட்டான். எதையும் வைத்துக்கொள்ளாதே என்றேன். அவன் சமாதானம் ஆகவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

1983 முதல் 2015 வரை 41 நாவல்கள். டிஸ்க்வேர்ல்ட் என்ற கற்பனை உலகத்தில் மந்திரவாதிகளும் சூனியக்கிழவிகளும் வரும் சிரிப்புக் கதைகள்தான். ஆனால் புரட்டிய பக்கமெல்லாம் ஒரு பழமொழியோ, ஷேக்ஸ்பியரோ, வேதாகமமோ, பழைய சினிமாவோ மறைந்திருக்கும். இங்கிலாந்தில் பிறந்து வளராதவனுக்கு இதெல்லாம் பிடிபடாது என்ற பயம் நம்மில் பலருக்கு உண்டு. எனக்கும் இருந்தது.

2000-இல் வந்த 'தி ட்ரூத்' நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த உலகத்தின் ஆங்க்-மோர்போர்க் நகரத்தின் முதல் செய்தித்தாள் பிறக்கும் கதை. அதை நடத்தும் இளைஞன் பெயர் வில்லியம் டி வேர்ட். 'வேர்ட்' என்றால் சொல், பத்திரிகைக்காரனுக்கு நல்ல பெயர் என்று ரசித்துவிட்டுப் போய்விட்டேன். பல வருஷம் கழித்து, அச்சுத்தொழிலின் வரலாற்றைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது விங்கின் டி வேர்ட் என்ற பெயர் வந்தது. இங்கிலாந்தில் முதல் அச்சகம் வைத்த வில்லியம் காக்ஸ்டனிடம் வேலை பார்த்தவர். அவருக்குப் பின் தொழிலை ஏற்று நடத்தி, 1500 வாக்கில் அச்சகத்தை லண்டனின் ஃப்ளீட் தெருவுக்குக் கொண்டுபோனவர். பிற்காலத்தில் ஆங்கிலப் பத்திரிகை உலகத்துக்கே பெயராகிப்போனது அந்தத் தெரு. குருவின் பெயரில் பாதி, சீடரின் பெயரில் பாதி சேர்த்து வைத்த பெயர் என்றுதான் எனக்குப் படுகிறது. அன்று ராத்திரியே நாவலை மறுபடி எடுத்து உட்கார்ந்துவிட்டேன். முதல் வாசிப்பிலேயே யாராவது விளக்கியிருந்தால் அது ஒரு தகவலாகப் போயிருக்கும், அவ்வளவுதான்.

அதே நாவலில் ஒரு பழமொழியும் இருக்கிறது. உண்மை பூட்ஸ் மாட்டி முடிப்பதற்குள் பொய் உலகத்தைச் சுற்றி வந்துவிடும் என்பது. மார்க் ட்வைன் சொன்னதாகப் பலர் பகிர்வார்கள். ஆனால், பொய் பறக்கிறது, உண்மை பின்னால் நொண்டிக்கொண்டு வருகிறது என்று 'கலிவரின் பயணங்கள்' எழுதிய ஜோனதன் ஸ்விஃப்ட் 1710-லேயே எழுதிவிட்டார். பிராட்செட் இதை மேற்கோளாக ஒட்டவைக்கவில்லை. வில்லியமின் அதிகாரம் மிக்க அப்பாவின் வாய்ச்சொல்லாகக் கதைக்குள் நுழைய விடுகிறார். கடைசியில் மகன், உண்மை பூட்ஸை மாட்டிக்கொண்டாயிற்று, இனி உதைக்கப்போகிறது என்று அந்த அப்பாவிடமே திருப்பிச் சொல்கிறான். ஸ்விஃப்டைத் தெரியாதவருக்கும் அந்த இடத்தில் சிலிர்க்கும். பழமொழிகளை இவ்வளவு மதித்த நாவலாசிரியர் எனக்குத் தெரிந்து குறைவு. உதடு தேய்ந்த சொல்லை எடுத்து, அதன் சொற்களை அப்படியே நம்பினால் என்ன ஆகும் என்று கேட்கிறார். பூட்ஸ் மாட்டினால் உதைக்கத்தானே வேண்டும்!

அப்புறம், நமக்கு மட்டும் சுலபமாகத் திறக்கும் கதவுகளும் உண்டு. டிஸ்க்வேர்ல்ட் ஒரு தட்டு. அதை நான்கு யானைகள் சுமக்கின்றன, யானைகள் ஓர் ஆமையின் முதுகில் நிற்கின்றன. யானைமேல் பூமி, ஆமைமேல் யானை என்று ஓர் இந்தியர் சொன்னதாக ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக் 17-ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார். கூர்ம அவதாரம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, திசை யானைகளோடு மோதிய ராவணனின் மார்பைக் கம்பன் பாடியது தெரிந்தவர்களுக்கு, இதற்கு எந்தக் கையேடும் தேவையில்லை. 'ஸ்மால் காட்ஸ்' நாவலில் மதபீடம் உலகம் உருண்டை என்று அடித்துச் சொல்கிறது. எதிர்ப்பவர்கள் 'ஆமை நகர்கிறது' என்று ரகசியமாகச் சொல்லிக்கொள்கிறார்கள். கலீலியோ முணுமுணுத்ததாகச் சொல்லப்படும் 'ஆனாலும் அது நகர்கிறது' தலைகீழாகத் திரும்பி நிற்கிறது. பள்ளிக்கூட அறிவியல் பாடம் போதும், இதைப் பிடிக்க.

எனக்கு மிகவும் பிடித்தது 'கார்ப்பே ஜுகுலம்' நாவலில் வரும் ஒரு பாட்டின் சமாசாரம். மேக்பை என்ற கறுப்பு வெள்ளைப் பறவையை எண்ணிச் சொல்லும் குறிப்பாட்டு ஒன்று இங்கிலாந்தில் உண்டு. ஒன்று என்றால் துக்கம், இரண்டு என்றால் மகிழ்ச்சி என்று போகும். அதற்கு ஊருக்கு ஊர் வேறு வேறு வடிவங்கள். 1997-இல் கையெழுத்து வாங்க வரிசையில் வந்தவர்களிடம் பிராட்செட் இதைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார். இளையவர்களுக்குத் தெரிந்தது பழைய தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் வந்த வடிவம் மட்டுமே. அந்த வரிசையில் வந்த நாட்டார் வழக்காற்றியல் அறிஞர் ஜாக்குலின் சிம்ப்சனோ சரமாரியாகச் சொல்லியிருக்கிறார். பின்னர் இருவரும் சேர்ந்து டிஸ்க்வேர்ல்டின் நாட்டார் வழக்குகளைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார்கள். அது 2008-இல் வந்தது.

அந்த மேக்பையை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனால் பாட்டு எனக்குத் தெரியும். பள்ளிக்கூட மைதானத்தில் ஒற்றை மைனா கண்ணில் பட்டால் 'ஒன் ஃபார் சாரோ' என்று பதறி, இன்னொரு மைனா கிடைக்கும்வரை மரம் மரமாகத் தேடுவோம். இரண்டாவது கிடைத்த பிறகுதான் பரீட்சை ஹாலுக்குள் போவோம்.