சீல் பிரிக்காத பெட்டிக்குள் ஒளிந்திருக்கும் குறை

டைகாஸ்ட் கார், அதாவது உலோகத்தை அச்சில் வார்த்துச் செய்யும் குட்டி மாடல் கார் சேர்க்கும் நம் குரூப்பில் இந்த வாரம் நடந்ததைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. கடலூர் மஞ்சக்குப்பத்துத் தம்பி ஒருவர் இரண்டாயிரம் ரூபாய்க்குக் கிட்ட முன்பணம் கட்டி, மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கிய 1:64 காரை, அதாவது நிஜக் காரில் 64-ல் ஒரு பங்கு அளவுள்ள மாடலைப் பிரித்துப் படம் போட்டிருந்தார். இடப்பக்க ஹெட்லைட் அச்சு அதற்குரிய குழியில் உட்காராமல் பம்பர் மேல் இறங்கிக் கிடக்கிறது. பின் சக்கரம் ஒன்று தரையையே தொடவில்லை. கீழே வந்த பதில்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "ஏன் தம்பி பிரிச்சே? சீலோட வச்சிருந்தா அப்படியே கைமாத்தி விட்டிருக்கலாமே?"

குறையோடு செய்து அனுப்பியவனை ஒருத்தரும் கேட்கவில்லை. காசு கொடுத்து வாங்கி, பிரித்துப் பார்த்தவரைத்தான் கேட்டோம். எனக்கு வயிறு எரிந்தது. டைகாஸ்ட் கார்களில் இவ்வளவு குறை வருவதற்குக் கம்பெனிகள் எவ்வளவு காரணமோ, பெட்டியைப் பிரிக்காமல் அடுக்கி வைக்கும் நம் பழக்கமும் அவ்வளவு காரணம் என்று நினைக்கிறேன். பிரிக்காத பெட்டியிலிருந்து புகார் வராது. புகாரே வராதபோது எந்தக் கம்பெனி சோதனை மேசையில் கூடுதலாக ஓர் ஆளை உட்கார வைக்கும்?

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இருநூறு ரூபாய்க்குள் கிடைக்கும் சின்னக் கார்களோடு எனக்குச் சண்டையே இல்லை. 1953-ல் இங்கிலாந்தின் லெஸ்னி கம்பெனி மேட்ச்பாக்ஸைக் கொண்டுவந்ததும், 1968-ல் மேட்டல் 16 கார்களோடு ஹாட் வீல்ஸைத் தொடங்கியதும் பிள்ளைகள் தரையில் உருட்டி விளையாடத்தான். அவற்றில் பெயின்ட் கொஞ்சம் தடித்திருக்கும், பின் விளக்குக்கு நிறமே இருக்காது. இருக்கட்டும், உருளும். தவிர, அவை கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் உறைக்குள் தொங்குகின்றன. புதுச்சேரி நேரு வீதிக் கடையில் ஒரே மாடலில் நாலைந்தை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, சக்கரம் நேராக உள்ளதை மட்டும் எடுத்துவர முடிகிறது. கடைக்கார அண்ணனும் ஒன்றும் சொல்வதில்லை. பத்து மடங்கு விலை கொடுக்கும் காருக்குத்தான் அந்த வசதி கிடையாது. மூடிய அட்டைப்பெட்டி, முன்பதிவு, கூரியர். வந்தது எதுவோ அதுதான் நம் தலையெழுத்து.

அந்த ஹெட்லைட் எப்படி நகர்ந்தது என்று யோசித்தால் இன்னும் கோபம் வரும். ஹெட்லைட், லோகோ, நம்பர் பிளேட் எல்லாம் பெரும்பாலும் டாம்போ என்னும் அச்சு முறையில்தான் பதிகின்றன. உருவம் பொறித்த தகட்டில் மை பூசி வழித்துவிடுவார்கள். பள்ளத்தில் தங்கும் மையை மெத்தென்ற சிலிக்கான் பேட் ஒன்று ஒற்றி எடுத்து, காரின் உடலில் அழுத்தும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாக ஓர் அழுத்து. கார் அசையாமல் இருக்க அதற்கென்று ஒரு பிடிச்சட்டம் உண்டு. அந்தச் சட்டம் தேய்ந்து தளர்ந்தாலோ, பேட் சற்று விலகினாலோ அச்சு நகர்ந்துவிடும். கவனிக்க வேண்டியது என்னவென்றால், யாராவது நிறுத்திச் சரிசெய்யும் வரைக்கும் அடுத்தடுத்து வரும் கார்களிலும் அது நகர்ந்தேதான் விழும். ஆகவே தம்பிக்கு வந்தது அவருடைய கெட்ட நேரம் இல்லை. அதே வரிசையில் வந்த கார்கள் எத்தனையோ வீடுகளில் சீல் பிரிக்காமல் உட்கார்ந்திருக்கின்றன.

சக்கரமும் அப்படித்தான். ஆக்சில் வளைந்திருக்கும், அல்லது அடித்தகடு ரிவெட்டில் சரியாக இறுகியிருக்காது. கண்ணாடி மேசையில் வைத்து விரலால் ஒரு மூலையைத் தட்டினால் டக் டக்கென்று ஆடும். இதைப் பார்க்க நிபுணர் வேண்டாம். தொழிற்சாலையில் பெட்டிக்குள் போடும் கை ஒரு நொடி தட்டிப் பார்த்திருந்தால் போதும்.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் குறைகள். என்னை அதிகம் வருத்துவது உலோகத்துக்குள்ளேயே இருக்கும் குறை. அதைப் பற்றித்தான் கொஞ்சம் நீட்டி எழுத வேண்டும். ஏனென்றால் கடலோரத்தில் இருக்கும் நம்மைத்தான் அதில் எளிதாக ஏமாற்றுகிறார்கள்.

என் வீடு குருசுக்குப்பத்தில், கடலுக்குப் பக்கத்துத் தெருவில். ஒரு பெயர்பெற்ற கம்பெனியின் 1:18 கார் ஒன்று வைத்திருக்கிறேன். சில வருடம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு பானட்டில் கடுகு கடுகாகக் கொப்புளம் கிளம்பியது. அடுத்த மழைக்காலத்துக்குள் இடது கதவு மூட மறுத்தது. ஒரு கொப்புளத்தை நகத்தால் அழுத்தினேன். பெயின்ட் உடைந்து, அடியிலிருந்து சாம்பல் நிறத்தில் உலோகம் தூளாக உதிர்ந்தது. கதவின் ஓரத்தில் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. விற்றவருக்கு எழுதினேன், அவர் மூலமாகக் கம்பெனிக்கும் போனது. வந்த பதில் ஒரே வரிதான்: நீங்கள் கடற்கரை ஊரில் இருப்பதால் பராமரிப்புக் குறைவு.

இது உண்மையில்லை என்று அடித்துச் சொல்கிறேன். டைகாஸ்ட் கார்கள் வார்க்கப்படுவது ஜமாக் என்னும் துத்தநாகக் கலவையில். அதில் ஏறக்குறைய 4 சதவீதம் அலுமினியம், துளியளவு மெக்னீசியம் இருக்கும். 400 டிகிரிக்குக் கீழேயே உருகிவிடும் என்பதால் அச்சுக்குள் பீய்ச்சி நுணுக்கமாக வார்க்க வசதி. ஆனால் இந்தக் கலவைக்கு ஈயம் ஆகவே ஆகாது. ஈயமோ, காட்மியமோ, வெள்ளீயமோ அனுமதித்த அளவைத் தாண்டினால் உலோகத்தின் நுண்ணிய படிக மணிகளுக்கு இடையிலேயே அரிப்பு புகுந்துவிடும். வார்ப்பு உப்பும், வெடிக்கும், கடைசியில் பொடியாகும். ஆங்கிலத்தில் இதற்கு ஜிங்க் பெஸ்ட் என்று பெயர். 1920-களிலேயே உலோக ஆய்வாளர்கள் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். 1929-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி ஜிங்க் கம்பெனி 99.99 சதவீதம் தூய துத்தநாகத்தை வைத்து ஜமாக் கலவைகளைக் கொண்டுவந்ததே இதைத் தடுக்கத்தான். ஈயத்துக்கு இன்று இருக்கும் வரம்பு சுமார் 0.005 சதவீதம். அதாவது ஒரு டன் உலோகத்தில் ஐம்பது கிராம் ஈயம்தான் அதிகபட்சம். 1934-ல் தொடங்கி இரண்டாம் உலகப்போர் வரை வந்த இங்கிலாந்தின் டிங்கி பொம்மைக் கார்கள் பல இன்று கையில் எடுத்தாலே உடைவது இந்தச் சுத்தக் குறைவால்தான்.

ஈரப்பதம் இந்த அரிப்பை வேகப்படுத்தும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வித்து தொழிற்சாலையில் விழுந்தது. வார்ப்பில் மிஞ்சும் கழிவையும் கண்ட பழைய உலோகத்தையும் சோதிக்காமல் கொப்பரையில் போட்டு உருக்கினால் இப்படி ஆகும். தூய கலவையில் வார்த்த கார் நம் ஊரிலும் நிற்கும். அதற்கு அத்தாட்சி என் அலமாரியிலேயே இருக்கிறது. எங்கள் தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படையில் சிப்பாயாக இருந்தவர். அந்த வழியில் பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்த என் சித்தப்பா, நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது விடுமுறைக்கு வரும்போதெல்லாம் மஜோரெட் கார்கள் வாங்கி வருவார். அடியில் இரும்புபோல் கனக்கும் உலோகத் தகடு, அதில் பிரான்சில் செய்தது என்ற எழுத்து. அதே கடல்காற்று, அதே அலமாரி, 2011 தானே புயலில் ஓட்டுக்கூரை ஒழுகி நனைந்த அதே அறை. அவற்றில் ஆக்சில் நுனி துருப்பிடித்திருக்கிறது, பெயின்ட் என் கையாலேயே உரிந்திருக்கிறது. உலோகம் ஒரு மயிரிழைகூட உப்பவில்லை.

கடற்கரையில் இருப்பவர்கள் இந்த வித்தியாசத்தைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். எஃகு ஆக்சிலிலும் திருகாணியிலும் பழுப்புத் துரு வந்தால் அது நம் உப்புக்காற்றின் வேலை. பெயின்ட் அடிக்காத அடித்தகட்டில் வெள்ளையாகப் பொடி பூத்து, துடைத்தால் போய்விட்டால் அதுவும் அப்படித்தான். சிலிக்கா ஜெல் போட்டு மூடி வையுங்கள். ஆனால் பெயின்டுக்கு அடியிலிருந்து கொப்புளம், வெடிப்பு, கதவு இறுகுவது, உடல் நீண்டுபோவது என்று வந்தால் அது வார்ப்பிலேயே இருந்த குறை. இரண்டையும் ஒன்றாகக் கட்டி நம் ஊர்க் காற்றின் மேல் போட்டுவிட்டுப் போக விடக்கூடாது.

சரி, உலோகமே வேண்டாம், பிளாஸ்டிக் உடலோ ரெசினோ வாங்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். 1950-களில் பிரான்சின் நோரெவ் செய்த பிளாஸ்டிக் கார்கள் பல காலப்போக்கில் கோணிப்போனவை. எந்தப் பொருளாக இருந்தாலும் கவனமாகச் செய்தால்தான் நிற்கும். மென்மையான டயர்களும் அப்படித்தான். அவற்றை மிருதுவாக்கச் சேர்க்கும் எண்ணெய்ப் பொருள் மெல்ல வெளியே கசிந்து, நிற்கும் பிளாஸ்டிக் பீடத்தையே இளக்கி ஒட்டிக்கொள்ளும். காரைத் தூக்கினால் பீடமும் கூடவே வரும்.

இங்கேதான் சீல் விஷயத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. உலோகம் உப்புவதும் டயர் இளகுவதும் பெட்டிக்குள்ளும் நடக்கும். நாலு வருடம் கழித்து "மின்ட், அன்டச்டு" என்று போட்டு இரண்டு மடங்கு விலைக்கு விற்கிறார்கள். வாங்குகிறவரும் பிரிப்பதில்லை. அவர் இன்னொருவருக்கு விற்கிறார். கடைசியில் யாரோ ஒரு பிள்ளை ஆசையாகப் பிரிக்கும்போது உள்ளே இருப்பது வெடித்த கார். அதற்குள் கம்பெனி, விற்பனையாளர், ரசீது எதுவும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்காது.

எரர் கார் மோகமும் இதோடு சேர்ந்தது. ஒரு பக்கம் அச்சு விழாத கார், சக்கரம் மாறிப் பொருத்திய கார், இவற்றுக்குக் கூடுதல் விலை கொடுக்கிறோம். அபூர்வமானது என்பதால் ஆசை வருவது எனக்குப் புரிகிறது. ஆனால் இரண்டாயிரம் ரூபாய்க் காரில் ஹெட்லைட் நகர்ந்திருந்தால் அதையும் "எரர் அண்ணா, பத்திரமா வையுங்க" என்று சொல்வது என்ன நியாயம்? அது அபூர்வமே இல்லை, கவனக்குறைவு.

ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதே, அரசாங்கம் பார்த்துக்கொள்ளாதா என்று ஒருவர் கேட்டார். 2020-ல் வந்த பொம்மைகள் தரக்கட்டுப்பாட்டு ஆணை 2021 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. அது 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் விளையாடும் பொருட்களுக்கானது. கூரான விளிம்பு, விழுங்கக்கூடிய சின்னப் பாகம், பெயின்டில் நச்சு உலோகம் போன்ற பாதுகாப்பைத்தான் அது சோதிக்கும். அவசியமான சட்டம், நான் ஆதரிக்கிறேன். ஆனால் ஹெட்லைட் கோணலுக்கு அதில் இடமில்லை. பெட்டியில் 14 வயதுக்கு மேல் என்று போட்டு வரும் சேகரிப்பு மாடல்கள் அதற்குள் வருவதே இல்லை. இறக்குமதி வரியோ பொம்மைகளுக்கு 20 சதவீதமாக இருந்தது 2020-ல் 60 ஆகி, 2023-ல் 70 ஆனது. அவ்வளவையும் சேர்த்துக் கொடுப்பது நாம்தான். குறையோடு வந்தால் திருப்பி வெளிநாட்டுக்கு அனுப்பி மாற்றுவது யாருக்கும் கட்டுப்படியாகாது என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

விற்பவர்களின் நிபந்தனைகளைப் பாருங்கள். இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் விற்கிறார்கள், முழுப்பணமும் முன்கூட்டியே வாங்குகிறார்கள். "அன்பாக்சிங் வீடியோ இல்லாமல் க்ளைம் இல்லை, ஃபேக்டரிக் குறைக்கு நாங்கள் பொறுப்பில்லை." இப்படி எழுதிப் போட்டுவிட்டால் சட்டம் மாறிவிடாது. 2020-ன் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, பொருள் குறையுள்ளதாகவோ விளம்பரப்படுத்தியபடி இல்லாததாகவோ இருந்தால் விற்பவர் திரும்பப் பெற மறுக்கக்கூடாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நாம் குடியிருக்கும் ஊரின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். மும்பையில் இருக்கும் விற்பனையாளர் மேல் புகார் செய்ய நாம் மும்பைக்குப் போக வேண்டாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. அதற்கு முன்னால் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தைக் கூப்பிட்டுப் பதிவு செய்யுங்கள். பல விற்பனையாளர்கள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வருவார்கள்.

நான் இனி முழுப்பணம் கட்டி முன்பதிவு செய்யப்போவதில்லை. காரின் முன்பக்கம், பின்பக்கம், அடித்தகடு மூன்றையும் காட்டும் படம் அனுப்பாத விற்பனையாளரிடம் வாங்கவும் மாட்டேன். கையில் வந்த அன்றே வீடியோ எடுத்தபடி பிரிப்பேன், கண்ணாடியில் வைத்து நான்கு சக்கரத்தையும் தட்டிப் பார்ப்பேன். ரீசேல் மதிப்பு குறையும் என்றால் குறையட்டும். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழைய கார் தேடும்போது ஒவ்வொன்றையும் கையில் புரட்டிப் பார்த்துத்தானே வாங்குகிறோம்? புதுக் காருக்கு மட்டும் ஏன் கண்ணை மூடிக்கொள்கிறோம்?

குரூப் அட்மின்களிடம் ஒரு கோரிக்கை. குறையுள்ள காரின் படம் போடுபவரை "ஏன் பிரிச்சே" என்று கேட்கும் பதில்களை நீக்குங்கள். குறைகளுக்கென்று தனியாக ஓர் ஆல்பம் தொடங்குங்கள். படம் போடுபவர்கள் பெட்டியில் உள்ள பேட்ச் எண்ணையும் அடித்தகட்டில் இருக்கும் குறியையும் சேர்த்துப் போடுங்கள். ஹாட் வீல்ஸில் ஓர் எழுத்தும் இரண்டு இலக்கமும் அடியில் அச்சிட்டிருக்கும். எழுத்து ஆண்டைக் குறிக்கும், இலக்கம் வாரத்தைக் குறிக்கும். மற்ற கம்பெனிகளில் என்ன இருக்கிறதோ அதைப் போடுங்கள். புதுச்சேரி, கடலூர், விழுப்புரம் மூன்று ஊரிலும் ஒரே பேட்சில் ஒரே ஹெட்லைட் நகர்ந்திருக்கிறது என்று காட்ட முடிந்தால், ஆணையத்தின் அனுமதியோடு எல்லோருக்குமாகச் சேர்த்து ஒரே புகாராகக் கொடுக்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது. மனு எழுத நான் உதவுகிறேன், இன்பாக்ஸில் வாருங்கள்.